பாலத்தில் வாப்பாவின் நடை

"உங்கட வீட்டுப் பெரியவங்கள் ஒவ்வொரு நாளும் உடற்பயிற்சி செய்யிறாங்களா? அரை மணித்தியாலம் வேகமா நடந்தாலும் போதும். செய்யிறாங்க எண்டா, கையை உயர்த்துங்க" என்றார் ஜெமீலா டீச்சர்.

வகுப்பில் இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. அதில் ஒன்று அம்ராவுடையது.

"என்ட வாப்பா தினமும் கிண்ணியாப் பாலத்தில நடக்கிறவர், டீச்சர்!"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வாப்பா றிஸ்விக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பகல் முழுக்கப் புடவைக் கடைக் கதிரையில் உட்கார்ந்தே இருப்பவர். நடக்காவிட்டால் அடுத்த மாதம் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே வாப்பாவுக்குப் பயம்.

அன்று பின்னேரம் அம்ராவும் கூடப் போனாள். வாப்பா பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கூட்டாளி ஸஜ்ஜாத் அங்கே காத்திருந்தார். இருவரும் பாலத்துக் கம்பியில் சாய்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் வாப்பா மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

"வாப்பா, நீங்க நடக்கவே இல்லையே?"

"இவ்வளவு நேரமும் நிண்டதுதானே, மகள். கால் உளையுது!"

அம்ராவுக்குச் சிரிப்பு வந்தது. ஊசியை நினைத்ததும் அழுகையும் வந்தது. நடக்கச் சொன்னால் வாப்பா நடக்கமாட்டார். ஆனால், தொடங்கிய கதையைப் பாதியில் விட அவருக்கு ஏலாது.

மறுநாள் பாலத்தடியில் இறங்கியதுமே அம்ரா கேட்டாள்.

"வாப்பா, மூதூர் லோஞ்சு நடுக்கடலில நிண்ட கதையைச் சொல்லுங்க."

"அதுவா? எஞ்சின் டப்பெண்டு நிண்டுட்டு..."

அம்ரா மெல்ல நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போறீங்க, மகள்? கதை முடியல்ல!"

"கேட்டுக்கொண்டுதான் போறன், வாப்பா."

வாப்பா பின்னாலேயே வந்தார். கதையில் லோஞ்சுக்குள் தண்ணீர் ஏறியபோது அம்ரா வேகத்தைக் கூட்டினாள். வாப்பாவும் கூட்டினார். அன்றும் கம்பியில் சாய்ந்து நின்ற ஸஜ்ஜாத் மாமா, முடிவைக் கேட்காமல் விட மனமில்லாமல் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பிறகு என்ன நடந்தது, றிஸ்வி?"

வாப்பா நின்று சுற்றிப் பார்த்தார். "அல்லாஹ்வே! மற்றக் கரைக்கு வந்திட்டமே!"

"திரும்பிப் போகவும் ஒரு கதை வேணும்" என்றாள் அம்ரா.

கதைக்கா பஞ்சம்? வாப்பாவிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கதை போகும், இன்னொரு கதை வரும்.

அடுத்த மாதம் கிளினிக்கில் டொக்டர் முகம் மலர்ந்தார். "சீனி நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி தேவையில்ல. நல்லா நடக்கிறீங்க போல?"

"எனக்கு நடக்க எங்க டொக்டர் நேரம்?" என்றார் வாப்பா. "மகளோட கதைக்கவே பொழுது போயிடுது!"