சுப்பராமனுக்கு ஆதார் இல்லை

“ஸ்டாஃப் எத்தனை பேர்?”

ஆடிட்டர் அன்புச்செல்வி நிமிராமலே கேட்டாள். தி.நகர் மாடியறை ஜன்னலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

“பன்னிரண்டு” என்றாள் மாளவிகா. மயிலாப்பூர் வீட்டுச் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், ஒரு லேப்டாப்... அவ்வளவுதான் அவள் ஆபீஸ். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைவது தொழில். கார்டில் அச்சாகியிருந்ததோ, ‘மயில்தோகை கிரியேட்டிவ் குளோபல், நிறுவனர்–தலைமை அதிகாரி.’

அன்புச்செல்வி அவள் தந்த கார்டை உரக்கப் படித்தாள். பெஞ்சில் காத்திருந்தவன் சட்டென்று திரும்பினான். நனைந்த முடி... கண்களோ, மழை நின்றபின் தெரு மாதிரி கழுவி வைத்தாற்போல் இருந்தன.

“மயில்தோகையா? சுப்பராமன் சார் கம்பெனியா? நான் லாரன்ஸுங்க. அலைகடல் மீடியா இன்டர்நேஷனல்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் படங்களைப் புத்தகப் பக்கங்களில் அடுக்கும் நிறுவனம்... அவளுக்கு மின்னஞ்சல் எழுதும் மேலாளர் சாய்நாத்தின் நிறுவனம்!

சுப்பராமன் அவளுடைய மேலாளர். கண்டிப்பானவர், ஐம்பத்தாறு வயது, பிறந்ததே அவள் மின்னஞ்சலில்தான். முதலில் சில வாரம் அவர் சாய்நாத்தோடு யானைத் தும்பிக்கையின் நீளம் பற்றிச் சண்டை போட்டார். ஆறு மாதம் முன்பு சண்டை நின்றது. ‘மழையில் நனையாதீர்கள்’ என்று ஒருநாள் சுப்பராமனே எழுதிவிட்டார். தினம் நாலு மணிக்கு சாய்நாத்தின் பதிலுக்காக மாளவிகாவின் காபி ஆறியது.

“பிரைவேட் லிமிடெட்டாப் பதிவு பண்ணணும்னா ரெண்டு டைரக்டர் வேணும்” என்றாள் அன்புச்செல்வி. “அந்த சுப்பராமனையே போடலாம். ஆதார், பான் கொண்டாங்க.”

“அவருக்கு... முழங்கால் வலி.”

“அடடா” என்று பதறினான் லாரன்ஸ். “நேத்து கூட ஒண்ணும் சொல்லலையே.”

பேச்சை மாற்றத்தான் நினைத்தாள். வாய் வேறு ஒன்றைக் கேட்டது. “உங்க சாய்நாத் சாருக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?”

அன்புச்செல்வியின் பேனா நின்றது. லாரன்ஸ் தரையைப் பார்த்தான்.

“அப்படி ஒரு ஆளே இல்லீங்க. ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான். மேலாளர் பேர்ல எழுதினா மதிப்பா இருக்கும்னு... சுப்பராமன் சாரு கிட்ட சொல்லிடாதீங்க. தங்கமான மனுசன். மனசு ஒடஞ்சிடுவாரு.”

மாளவிகா எழுந்து படிக்கட்டுவரை போய்விட்டாள். ஆறு மாதம்... இல்லாத ஒருவனுக்காகவா? கோபம் வந்தது. பாதிப் படியில் கூடவே வெட்கமும் வந்தது. பொய்யை அவன் இறக்கி வைத்துவிட்டான். அவளுடையது இன்னும் கஞ்சி போட்ட சட்டையோடு நிற்கிறது. இப்படியே போனால் கௌரவம் மிஞ்சும். நாளை நாலு மணிக்கு அவனுக்கு எழுதப்போவது யார்? மறுபடி சுப்பராமன்தானா?

திரும்பி வந்தாள்.

“சுப்பராமனுக்குத் தெரிஞ்சுடுத்து.”

“அதுக்குள்ளவா? போன் பண்ணிட்டீங்களா?”

“இல்ல... அவர் இங்கதான் நின்னுண்டிருக்கார்.”

லாரன்ஸ் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். யாருமில்லை. மெதுவாக அவன் பார்வை அவள் முகத்துக்கு வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

“பன்னிரண்டு பேரும்?”

“நான்தான்.”

“ரெண்டு பேருக்கும் சோல் ப்ரொப்ரைட்டர்ஷிப் போதும்” என்றாள் அன்புச்செல்வி, புதுத் தாளை எடுத்தபடி. “தனி ஆள், தனித் தொழில். பயந்துக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல.”

அதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“மழையில நனையாதீங்கன்னு எழுதினது...” என்றான் அவன்.

“மேலாளர் இல்ல” என்றாள் மாளவிகா. “அது நான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... சாய்நாத்தை இல்ல, உங்களை.”

லாரன்ஸ் நனைந்த முடியைக் கோதிக்கொண்டான்.

“எனக்கும்தான். வயசான ஆம்பளை மேல ஏன் இப்படி ஒரு பாசம்னு ஆறு மாசமா தூக்கமே இல்லீங்க.”