சூடு ஆறாத கட்டில்

கட்டில் சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு இல்லை. அந்த அறையின் ஜன்னல் எதிர்க்கட்டடத்தின் முதுகைத்தான் பார்த்தது. வெயிலுக்கு அங்கே வேலையே கிடையாது. சலவைக் கம்பெனியில் பல வருஷம் துணி தேய்த்தவளுக்கு, உள்ளங்கையை வைத்தாலே எது பெட்டிச் சூடு, எது ஆவிச் சூடு என்று தெரிந்துவிடும். இஸ்திரி அக்கா என்று சும்மாவா பேர் வந்தது? இது ஆள் சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட வைக்காமல்.

கீழே போன் போட்டாள்.

"ஏம்மா, இந்த ரூமுல இப்ப யாராவது படுத்திருந்தாங்களா?"

"இல்லையேக்கா, நேத்துல இருந்து காலி. ஏன், பெட்ஷீட் அழுக்கா?"

"அழுக்கெல்லாம் இல்ல. நல்லாத்தான் தேச்சிருக்காங்க."

தாலியே போனாலும் அடுத்தவர் இஸ்திரிக்கு மார்க் போடாமல் இருக்க அவளால் ஆகாது.

ஊருக்குப் போகிற வழியில் விமானம் மாறும் நகரம் இது. அடுத்த விமானம் சாயங்காலம். அதுவரை தங்க விமானக் கம்பெனிக்காரர்களே அறை கொடுத்திருந்தார்கள். ரிசப்ஷன் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரா?" என்று இரண்டு சாவி அட்டைகளை நீட்டினாள். இவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். இரண்டாவது ஆள் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டிக்குள் இருக்கிறார் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கிடங்கு கிளார்க்கிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சார், அங்க ரொம்பக் குளிருமா?"

"ஐஸ் ரூமும்மா. அப்பத்தானே..." அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"அவருக்குக் குளிர் ஆகாது. அதான் கேட்டேன்."

கிளார்க் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

புருஷனுக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை, அவளுக்குப் பகல் வேலை. பல பேர் சேர்ந்து குடியிருந்த வீட்டில் இவர்களுக்குக் கிடைத்தது திரை போட்ட ஒரு மூலையும் ஒற்றைக் கட்டிலும்தான். இரண்டு பேர் படுத்தால் ஒருவர் தரையில் இருப்பார், அப்படி ஒரு அகலம். விடிந்ததும் அவர் வந்து கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். "டியூட்டி மாத்தலாமா மேடம்?" அவள் எழுந்துகொள்வாள், அவள் சூட்டில் அவர் படுப்பார். சாயங்காலம் அவள் திரும்பும்போது அவர் சூடு காத்திருக்கும். "புருஷன் பொண்டாட்டி சேந்து தூங்கி யார் பாத்தா? கட்டிலைத்தான் ரெண்டு பேரும் அணையாம பாத்துக்கறாங்க" என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சொந்த ஊரில் கட்டிய வீட்டில் ஓர் இரட்டைக் கட்டில், மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதில் ஒரு நாளாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசையில்கூட இப்படிக் கஞ்சத்தனம் பிடித்தவர்கள் உண்டா?

போன வாரம் ஒரு நாள் அவளுக்கு லீவு. அவர் தட்டினார். "அஞ்சு நிமிஷம் இருங்க" என்றாள் தூக்கத்தில். "சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். அவள் கதவைத் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. சுவரில் சாய்ந்திருந்தார், மடியில் டார்ச் எரிந்தபடி. தொட்டாள். மற்றதை உள்ளங்கை சொல்லிவிட்டது.

கட்டடம் முழுக்க அதையே பேசியது. பேசாதவர்கள் பக்கத்தில் நின்று கேட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சிருந்தா..." என்று இழுப்பவர்கள், அவள் தலை தெரிந்ததும் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

செல்போன் அடித்தது. ஊரிலிருந்து கொழுந்தன்.

"அண்ணி, எதாவது சாப்பிட்டீங்களா?"

"ம்."

"ஒண்ணு கேக்கணும். ஹால்ல அந்தக் கட்டில் அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைக் கழட்டினாத்தான் பெட்டி உள்ள வரும்."

விரிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"கழட்டிடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சூட்டில் படுத்தாள். மெத்தையின் இடது பக்கம், முழங்காலை மடக்கிப் படுப்பவர் அளவுக்கு லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. தலையணையில் சலவைப் பொடி வாசனை. அதற்கு அடியில், மூக்கைப் புதைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, அவர் எப்போதும் தடவுகிற தலைவலித் தைலம். அழுதாள். வெளியே நடையில் தூசி உறிஞ்சும் மெஷின் இழுத்துக்கொண்டிருந்தது, தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கீச்சிட்டது, லிஃப்ட் கதவு மூடியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கிப்போய், அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு சாவிக்கொத்துச் சத்தம் நடந்து வந்தது.

இந்த ஹோட்டலில் சாவிக்கொத்தே கிடையாது. எல்லாம் அட்டை.

சாவிக்கொத்து. கூடவே தரையில் தேய்கிற ஒரு குதிகால். புது ஷூ வாங்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அறை போன் அடித்தது. ரிசப்ஷன் பெண்.

"அக்கா, இன்னொரு சாவியை சார் வந்து வாங்கிட்டுப் போனாரு. பாவம், கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஏசியைக் குறைச்சு வைங்க."

ரிசீவர் கையை விட்டு நழுவியது. எடுத்து வைத்தாள்.

கதவில் இரண்டு தட்டு.

"டியூட்டி மாத்தலாமா மேடம்?"

பழக்கதோஷம். கால் தானாகவே தரைக்கு இறங்கியது. எழுந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். ஒருவர் எழுந்தால் ஒருவர் படுக்கலாம். என்றைக்கும் அதுதான் கணக்கு. பயத்தில் பல் கிட்டியது. கழற்றிப்போட்ட கட்டில் ஒன்று, பலகை பலகையாகக் கண்ணுக்குள் நின்றது.

காலை மேலே எடுத்துக்கொண்டாள். சுவரோரம் நகர்ந்தாள்.

"இன்னிக்கு எந்திரிக்க மாட்டேங்க. இடம் இருக்கு. வாங்க."

பூட்டில் பச்சை விளக்கு.

கதவு திறந்தது. மூடியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தை அமிழ்ந்தது. முதலில் தோள். அப்புறம் இடுப்பு. மடக்கிய முழங்கால். முதுகு நெடுக ஐஸ். ஒரு கை அவள் மேல் விழுந்தது.

"ரொம்பக் குளிருச்சா?"

பிடரியில் மூச்சுக் காற்றுகூட இல்லை.

அந்தக் கையை உள்ளங்கைக்குள் பொத்தித் தேய்த்தாள். மெல்ல, மெல்ல, அது சூடேறியது. வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு. சந்தோஷமாகத்தான் இருந்தது. விரல் மரத்தது. அப்புறம் மணிக்கட்டு. முழங்கை. உள்ளங்கைக்கு எதுவுமே தெரியவில்லை.

வாசலில் வண்டி ஹாரன். அறை போன் அடித்தது. எடுக்க நினைத்தாள். கை வரவில்லை.

அவளைத் தாண்டி ஒரு கை நீண்டு ரிசீவரை எடுத்தது.

"அக்கா, ஏர்போர்ட் வண்டி வந்துடுச்சு."

"அவ தூங்குறாம்மா" என்றது காதருகே அந்தக் குரல். "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."

சூடான கை போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டது. கண்ணை மூடப் பார்த்தாள். இமை இறங்கவில்லை. கட்டில் முழுக்க அவர் சூடு. அவள் கிடந்த இடம் மட்டும் சில்லென்று.