வட்டம் பதினாறில் ஒரு லேப்டாப்

பழைய லேப்டாப் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விண்டோஸ் ஏறாமல் மூச்சு வாங்கும் பெட்டியைக் கொடுங்கள், சின்ன லினக்ஸ் ஒன்றைப் போட்டு அரை மணி நேரத்தில் ஓட வைக்கிறேன். நெய்வேலியில் ஒரு ஆபீசில் காண்ட்ராக்ட்டில் எனக்கு இதுதான் வேலை. கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை வரிசையாக அடுக்கி, பென்டிரைவைச் செருகி, டிஸ்க்கைத் துடைத்துப் புதுசாகப் போடுவேன். ஒரு நாளைக்கு முப்பது. கை தானாகப் போகும்.

அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. டவுன்ஷிப்பில் வட்டம் பதினாறில் இருக்கும், எனக்குத் தெரிந்த தனகோடி அக்கா கூப்பிட்டிருந்தார். அவர் கணவர் நிலக்கரி மைன்ஸில் செகண்ட் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி இரண்டரை. உள்ளே ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்ததால் பகலிலேயே மங்கலாக இருந்தது. மூடி வைத்த துணிகளின் வாசனை அடித்தது.

"வா தம்பி. வெயில்ல வந்துகினு கீற, ஒக்காரு. நாலு மணிக்குக் கரண்ட்ட நிறுத்துவாங்களாம், லைன்ல வேலையாம்."

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் ஊரில் நமக்கு மட்டும் இந்தக் கொடுமை என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை முந்தானையால் துடைத்து என் முன் வைத்தார்.

அவர் மகள் இசைப்பிரியாவுடையது. எட்டு மாதத்துக்கு முன் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வயது.

"ரேடியோவுல பேசணும்னு ஆச தம்பி அவளுக்கு. தெனம் இதுலதான் பேசிப் பேசிப் பதிஞ்சு வப்பா. அவ செல்போன அவ அப்பா சாம்பலோட வெள்ளாத்துல வுட்டுட்டாரு. பாக்க முடியலையாம். எனக்குன்னு இது ஒண்ணுதான் கீது. அவ கொரல மட்டும் எடுத்துக் குடுத்துடு."

பேட்டரி உப்பியிருந்ததால் கழற்றிவிட்டு, சார்ஜரில் நேராக ஓட்டினேன். பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி, டிஸ்க்கைத் தொடாமல் குரலை மட்டும் நகல் எடுக்க வேண்டும். பென்டிரைவைச் செருகியதும் திரையில் வரும் பட்டியலில் முதல் வரி அதற்கு. இரண்டாவது வரி, கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதற்கு. ஆபீஸுக்காக நானே செய்து வைத்தது.

அக்கா காபி நீட்டினார். வாங்கிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் பட்டனைத் தட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது, அழிப்பதைக் காட்டும் பச்சைக் கோடு பாதி தாண்டியிருந்தது.

ஒயரைப் பிடுங்கினேன். மறுபடி செருகி, அழிந்ததை மீட்கும் புரோகிராமை ஓட்டினேன். அந்தக் கிழட்டு டிஸ்க் இரண்டு முறை டக்கென்றது, அதோடு சரி. டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"என்ன தம்பி, கெடைக்குதா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா."

பொய் சொன்னேன். பொய்க்கு நேரம் வேண்டும் என்றுதான் வேறொரு பென்டிரைவைச் செருகினேன். அதில் இருந்தது மிகச் சின்ன லினக்ஸ். முழுதாக மெமரிக்குள் ஏறிக்கொள்ளும், டிஸ்க்கே வேண்டாம். கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு உயிர், நிறுத்தினால் எல்லாம் போய்விடும்.

திரை வந்தது. வெறும் நீலம். அதன் நடுவில் ஒரு ஃபோல்டர்.

அம்மாவுக்கு.

என் பென்டிரைவில் அப்படி எதுவும் கிடையாது. பிடுங்கினேன். ஃபோல்டர் போகவில்லை. டிஸ்க் மேஜைமேல் கிடந்தது.

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். "தொறப்பா! தொற!"

திறந்தேன்.

"வணக்கம் நேயர்களே. நேரம் மூன்று மணி இருபது நிமிடம்."

தெளிவான, இளம் குரல். கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்று இருபது.

"அம்மா மஞ்சப் பொடவ கட்டிகினு கீறாங்க. சாப்புடல."

மஞ்சள் புடவைதான். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். அக்காவோ, "ஆமாண்டி, எறங்கலடி எனக்கு" என்று திரையைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பயத்தைவிட அழுகை வந்தது. நாலு மணிக்குள் எப்படியாவது இதைப் பிடித்து வைத்துவிட வேண்டும்.

பென்டிரைவை மறுபடி செருகி நகல் எடுத்தேன். ஃபைலின் அளவு பூஜ்ஜியம். வேறு பெயரில் எடுத்தேன். பூஜ்ஜியம். என் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் அக்கா அழுவது மட்டும்தான் கேட்டது.

மணி மூன்று நாற்பது.

"அணைச்சிடாதப்பா. கால்ல வேணா வுழுறேன்."

"அய்யோ, விடுங்கக்கா. பேட்டரி எதாவது கேட்டுக்கிட்டு வர்றேன்."

ஓடினேன். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. மாடியில் பூட்டு. எதிர் பிளாக்கில் ராஜ்மோகன் சார் வீட்டு யுபிஎஸ்ஸைக் கெஞ்சி வாங்கித் தூக்கிக்கொண்டு படியேறும்போதே மேலே மின்விசிறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

உள்ளே நுழைந்தேன். திரை கறுப்பு.

அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"அக்கா, மன்னிச்சிடுங்க. டிஸ்க்க நாந்தான் அழிச்சிட்டேன். பழக்கத்துல கை போயிடுச்சு."

"தெரியும்பா."

தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ வெளிய போனப்பவே சொல்லிட்டா. அவ அந்த டிஸ்க்குலதான் தூங்கிகினு இருந்தாளாம். நீ அழிக்கவே முழிச்சிகினாளாம். இப்ப போவ எடம் இல்லாம நிக்கிறாளாம்."

"யாருக்கா... கரண்ட்தான் போயிடுச்சே."

"இப்பவும் பேசுறாப்பா. சன்னமா."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சார்ஜர் ஒயர் தரையில் கிடந்தது. பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது.

"உள்ளார ஒரே இருட்டா கீதாம். பயமா கீதாம். அந்த அண்ணன வுடாதம்மாங்குறா."

எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் கையை இழுத்து, லேப்டாப்பின் பக்கவாட்டில், காற்று வெளியேறும் துளைகள்மேல் வைத்து அழுத்தினார்.

சூடாக இருந்தது.

உள்ளங்கையில் காற்று பட்டது. நின்றது.

மறுபடியும் பட்டது. இந்த முறை வேகமாக, அழுது முடித்த குழந்தை விடுவது போல.

"எடுக்காதப்பா" என்றார் அக்கா. "இப்பதான் கொஞ்சம் அடங்குறா."