வலைக்கண் இல்லாத நெஞ்சு

எண்ணூரில் பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நெஞ்சில் மூச்சுப்பெட்டி வைத்துவிடுவார்கள். அந்த ஊர்க் காற்றை வடிகட்டாமல் இழுத்தவன் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

பெட்டியை இயக்கும் கருநிரலில் இரண்டு கட்டளை இழைகள் ஓடும். ஒன்று மூச்சை இழுக்கும். மற்றது பெட்டியின் நிலையை வலை வழியே அதைச் செய்த நிறுவனத்துக்கு அனுப்பும். எப்போதாவது இரண்டும் ஒரே கணத்தில் மோதினால், நீ முதலில் போ என்று ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும். யூனிஸின் தம்பி அப்படித்தான் செத்தான்.

பெட்டிகளை வடிவமைக்கும் பிரிவில் இருந்த யூனிஸ், பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு கண்காணிப்புக் கருவி செய்தாள். நெல்மணி அளவு. பெயர் வலைக்கண். அதைப் பூட்டிய பெட்டி ஒன்றுகூட நிற்கவில்லை! அது எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஓர் இழை துளி தாமதமாகிறது, மோதல் தவறிவிடுகிறது. காரணம் புரிந்ததும் பிழையையே நீக்கும் திருத்தத்தை எழுதி இயக்குநர் சடகோபனிடம் நீட்டினாள்.

“திருத்தம் எதுக்கும்மா? கண்ணே போதும்,” என்றார் அவர்.

ஊர் முழுக்க வலைக்கண் பூட்டினார்கள். எவன் எங்கே போகிறான், யாரைப் பார்த்தால் மூச்சு ஏறுகிறது, எல்லாம் நிறுவனத்தின் திரைக்கு வந்தது. கத்திய யூனிஸைப் பழுது பார்க்கும் பிரிவுக்குத் தள்ளினார்கள்.

ஒரு மத்தியானம் இயக்குநர்கள் கூட்டத்தில் சடகோபன் மேசைமேல் சரிந்தார். பழுது பார்க்கக் கூப்பிட்ட யூனிஸ் ஓடிவந்து விசையை அழுத்திப் பெட்டியை மறுபடி கிளப்பினாள். உள்ளே பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“கண்ணே காணோமே சார். கழட்டிட்டீங்களா?”

“எங்களையெல்லாம் எவனோ பாக்கணுமா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “இந்த ரூம்ல யாருக்குமே கிடையாது.”

“அதான் நின்னுச்சு. இனியும் நிக்கும்.”

“அந்தத் திருத்தத்த எனக்கு மட்டும் போட்டு விடும்மா.”

“தனிப் பெட்டில யாரும் நிரல மாத்தக் கூடாதுன்னு பூட்டு போட்டதே நீங்கதான? போட்டா ஊருக்கே போவும். உங்க கைரேகையும் வேணும்.”

“அப்புறம் எவன் கண்ண வச்சுக்குவான்?”

“எவனும் வச்சுக்க மாட்டான். வேணாம்னா சொல்லுங்க, ஒரு கண்ணு எடுத்தாந்திருக்கேன். மாட்டி விடுறேன். நீங்க யார் வூட்டுக்குப் போறீங்கன்னுகூட இவங்க குந்திப் பாக்கட்டும்.”

சடகோபன் மற்றவர்களைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“அழுத்தித் தொலைங்க சார்,” என்றார் கோடியில் இருந்தவர். “எனக்கு ஒரு மாதிரியா வருது.”

யூனிஸ் நீட்டிய திரையில் சடகோபன் கட்டைவிரலை வைத்தார். அவர் விரலை எடுப்பதற்குள் யூனிஸ் தன் நெஞ்சிலிருந்த வலைக்கண்ணைப் பிடுங்கி அவர் முன்னால் எறிந்தாள்.

“நீங்களே வச்சுப் பாத்துக்கிட்டிருங்க.”