அவள் சொல்லாத பெயர்

எந்தச் சத்தம் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா தெரியவில்லை. அரியரத்தினம் இதை ஒரே ஒருமுறைதான் எனக்குச் சொன்னார். எல்லாமே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஆகையால் இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

எழுபத்துநாலாம் ஆண்டு யூன் மாதம், பைனாக்குலரும் தேநீர்ப் போத்தலுமாக, பஸ் மாறி மாறி மெல்பேர்னுக்குக் கிழக்கே உள்ள காடுகளில் பறவை பார்க்க அவர் தனியே புறப்பட்டார். நோபல் பார்க் வீட்டு வாசலில் மனைவி யோகராணி நின்றாள்.

“ஞாயிறு இருட்ட முதல் வந்திடுவன்.”

“வராட்டி நான் தேடி வந்திடுவன்.”

“காட்டுக்குள்ள என்னெண்டு கூப்பிடுவீர்? ‘இஞ்சாருங்கோ’ எண்டோ? கங்காரு எல்லாம் திரும்பிப் பாக்கும்.”

“பாக்கட்டுமன். உங்கட பேர் என்ர வாயில வராது.”

அது உண்மை. கலியாணமாகி ஆறு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஞாயிறு காலை கடைசிக் காட்டின் வாசலில் அவரை இறக்கிவிட்ட பஸ் டிரைவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். பள்ளத்தின் விளிம்புக்குப் போகாதே, மழையில் மண் இளகியிருக்கிறது. மற்றது, நீ தேடி வந்த லயர்பேர்ட் என்ற பறவை ஒரு திருடன். தானாக எதையும் பாடாது, காட்டில் கேட்டதை மட்டும்தான் திருப்பிச் சொல்லும், தகப்பன் சொன்னதைக் குஞ்சும் சொல்லும். பின்னேரம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

காடு ஈரமாக இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து இறகுபோல் இலை விரித்த பன்னமரங்களுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாகக் கசிந்தது, உக்கிய இலையும் யூகலிப்டஸ் பட்டையும் கலந்த வாசம் நெஞ்சுக்குள் குளிராக இறங்கியது, எங்கோ ஒரு நீரோடை யாரோ அடிக்குரலில் பேசுவதுபோல ஓயாமல் சலசலத்துக்கொண்டிருந்தது. மதியம் தாண்டித்தான் அதைக் கண்டார். ஒரு மண்மேட்டில் ஏறி, யாழைப்போல வளைந்த வாலைத் தலைக்கு மேலாக விரித்து, அது பாடத் தொடங்கியது. குக்கபராப் பறவையின் சிரிப்பு. மரம் அறுக்கும் வாள். கமரா சொடுக்கு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு புன்னகைத்தார்.

பிறகு ஒரு கார்க் கதவு சாத்தியது.

ஒரு நாய் குரைத்தது. ஆண்கள் சிலர் தூரத்தில், “ஏரி! ஏரி!” என்றார்கள். வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் அவருடைய பெயரைச் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏரி என்ற பெயரில் வேறு ஆட்கள் இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டார்.

“இஞ்சாருங்கோ!”

பைனாக்குலருக்குள் பறவையின் அலகு திறந்து மூடுவது தெரிந்தது. குரல் யோகராணியுடையது. தொண்டை கட்டியிருந்தது. திரும்பத் திரும்ப அழைத்து, அழுது, மறுபடி அழைத்தது. அவள் இந்தக் காட்டுக்கு வந்ததே இல்லை.

காட்டில் கேட்டதை மட்டும்தான் சொல்லும்.

“அரியரத்தினம்!”

ஆறு வருடத்தில் அவர் கேட்டிராத அழைப்பு. அதற்குப் பிறகு ஓர் ஆண் குரல், கிழிந்து, ஒரே ஒரு சொல்: “நில்லும்!” கற்கள் சரிந்தன. ஒரு அலறல். நீண்டது. நின்றது. பறவை வாலை மடக்கிக்கொண்டு இலைகளைக் கிளறியது.

அவர் ஓடினார். பாதையைப் பார்க்கவில்லை. கிளைகள் முகத்தில் கீறின, அட்டைகள் கணுக்காலில் ஏறின, எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த நீரோடை முன்னால் பேசிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஹோர்ன் தூரத்தில் கேட்டது. கத்தினார். மறுபடி ஒருமுறை கேட்டது. பிறகு இல்லை. இரவை எரிந்த மரமொன்றின் பொந்துக்குள் கழித்தார். அவள் வாசலில் சொன்னது பகிடி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிந்தபோது காடு முழுக்கப் பனிப்புகார். அவர் பள்ளத்தின் மறுகரையில் நின்றார்.

ஒரு கார்க் கதவு சாத்தியது.

நாய் குரைத்தது. “ஏரி! ஏரி!” பறவையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். மரங்களையெல்லாம் பார்த்தார். பறவை இல்லை.

“இஞ்சாருங்கோ!”

புகார் சற்றே விலக, எதிர்க்கரையில் அவளுடைய சிவப்புக் கம்பளிக் கோட்டு. பக்கத்துவீட்டு நாகராஜன் தன் காரில், தேடும் ஆட்களோடு கூட்டி வந்திருக்க வேண்டும். அவள் விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆண் குரல் எழாவிட்டால் மற்றதும் நடக்காது. சட்டைக் கையைப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்தார். அவள் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றாள். மூச்சு வாங்கினாள்.

“அரியரத்தினம்!”

இன்னும் ஒரு அடி எடுத்து வைப்பாளா? வைத்தால்? காலைத் தூக்குவதுபோல் இருந்தது. வெறும் சாயலாகவும் இருக்கலாம்.

“நில்லும்!”

தன் குரலை அவர் அடையாளம் கண்டது அப்போதுதான். அவளும் கண்டாள். முகம் மலர்ந்தது. குரல் வந்த திசையை நோக்கி, அவரை நோக்கி, நேரே ஓடி வந்தாள்.

கற்கள்.

யோகராணியை இரண்டு நாளுக்குப் பிறகு கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். நாகராஜன் காரை விற்றுவிட்டுச் சிட்னிக்குப் போய்விட்டார். அரியரத்தினம் அதே வீட்டில் இருந்தார்; யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, எழுபத்தொன்பதாம் ஆண்டு இறந்தார். அந்தப் பறவை இப்போது உயிரோடு இருக்கிறதா தெரியாது. ஆனால் அதற்குக் குஞ்சுகள் இருந்தன. குளிர்காலக் காலைகளில் அந்தப் பள்ளத்தின் இரண்டு கரைகளிலிருந்தும், பல மரங்களின் கீழிருந்து ஒரே நேரத்தில், ஒரு பெண் தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.