வரிசையில் முதல் பெயர்

"இல்ல தம்பி, என் லாட்ஜைத் தேடுனா லாட்ஜ் வரல. யாரோ ஒரு ஆளு படம் வருது. மேல காணவில்லைன்னு போட்டிருக்கு."

"வரிசை மாறியிருக்கும்ணே. இப்பப் பாக்குறேன்."

"ஆளு லட்சணமாத்தான் இருக்காரு. ஆனா கடல் பாக்க ரூம் கேட்டு வாரவன், மொதல்ல அந்த மூஞ்சியப் பாத்தா இந்தப் பக்கம் வருவானா?"

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் முத்துராமலிங்கம் சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தார். ராம்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. அது யார் படம் என்று அவனுக்குத் தெரியும்.

மண்டபத்தில் அவன் வீட்டு மாடி அறைக்குள் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அய்யாவும் அம்மாவும் பரமக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பகலெல்லாம் விட்டு விட்டுப் பெய்த கார்த்திகை மழை ஓய்ந்து, சன்னல் கம்பிகளில் தொங்கிய துளிகள் கீழே தகரத்தில் விழுகிற சத்தத்தோடு, மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டரின் விசிறி உறுமுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. அதுதான் ஊர்க்காரர்களின் இணையப் பக்கங்களை ஓட்டுகிற அவனுடைய சர்வர். லாட்ஜ், ஒரு கருவாட்டுக் கடை, படகுக்காரர்கள் பார்க்கிற காற்று எச்சரிக்கைப் பக்கம், கடைசியாக மாரிச்செல்வி அக்கா கேட்டு அவன் செய்துகொடுத்த பக்கம், எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. யார் எதைத் தேடி வந்தாலும் ஒரே வாசலுக்குத்தான் வர வேண்டும். பெட்டி பெயரைக் கேட்டு உரிய பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். அந்தப் பெயர் தன்னிடம் இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லாது. வரிசையில் முதலில் இருப்பதை நீட்டிவிடும்.

ஐப்பசியில்தான் அவன் அதைத் தெரிந்துகொண்டான்.

லாட்ஜின் பக்கத்தைப் புதிதாக ஏற்றிய மத்தியானம் அது. வரிசையைக் கலைத்து அடுக்கியவன், காற்றுப் பக்கத்தின் பெயரைத் திரும்பச் சேர்க்காமல் விட்டுவிட்டான். வாடைக்காற்று பலமாக வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற சிவப்பு வரி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் லாட்ஜின் முகப்பு போனது. நீலக் கடல், வெயில், கரையில் சிரிக்கிற குடும்பம். கடற்கரையில் பிறந்தவர்கள் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படகை மேலே இழுத்துப் போட்டார்கள். காளீஸ்வரன் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரர். மழை ஏமாற்றிய வருஷத்தில் காட்டை விட்டுவிட்டு நண்டு வலை போட வந்தவர். அவருக்கு வானம் பிடிபடவில்லை. போனைத்தான் நம்பினார். சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போனார்.

அவர் படகு திரும்பவில்லை என்று கேட்டதும், விடிவதற்குள் ராம்குமார் வரிசையைச் சரிசெய்துவிட்டான். யார் என்ன கேட்டார்கள், தான் என்ன கொடுத்தோம் என்று பெட்டி தானாக எழுதி வைக்கிற பதிவையும் அழித்தான். துறைமுகத்தில் விசாரித்தவர்களிடம், பக்கம் நன்றாகத்தான் ஓடியது, அவர்தான் பார்க்காமல் போயிருக்க வேண்டும் என்றான். அந்தப் பேச்சு நாலு வாய் மாறி அவர் மனைவி மாரிச்செல்வியிடம் போய்ச் சேர்ந்தது. உடல் கிடைக்கவில்லை. கழற்றவும் முடியாத, வைத்திருக்கவும் முடியாத தாலியைக் கையில் பிடித்தபடி அவள் இந்த மாடிக்கு வந்து, புருஷன் படத்தை ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி போட்டுத் தரச் சொன்னாள். எந்தக் கரையிலாவது ஒதுங்கியிருந்தால் யாராவது சொல்லுவார்கள் அல்லவா. போகும்போது வாசலில் நின்று, ஒரு தடவை போனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷன் என்றாள். ராம்குமார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் வரிசையைத் திறந்தான். எல்லாப் பெயரும் அதனதன் இடத்தில் இருந்தன. காளீஸ்வரனின் பக்கம் கடைசியில்தான் இருந்தது. அதை நிறுத்தி வைத்துவிட்டு லாட்ஜைத் தேடினான். காளீஸ்வரன் வந்தார். கட்டம் போட்ட சட்டை, பின்னால் வேப்பமரம், வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். கருவாட்டுக் கடையைத் தேடினான். காளீஸ்வரன். பிரவுசர் பழைய படத்தை ஞாபகம் வைத்துக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டான். பிறகு அவள் கொடுத்த அந்தப் படத்தையே, கை கூசக் கூச, அழித்தான்.

திறந்தான்.

காளீஸ்வரன். சட்டை நனைந்திருந்தது.

சுவரிலிருந்து வந்த இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினான். இனி வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. ஆனால் பெட்டியின் விளக்கு துடித்தது. யாரோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவைத் திறந்தான். வரி வரியாக ஓடியது. கேட்டது, காற்றுப் பக்கம். கொடுத்தது, லாட்ஜ். கேட்டது, காற்றுப் பக்கம். கொடுத்தது, லாட்ஜ். நிற்காமல், பொறுமையாக, சரியானது வரும்வரை விடாமல் தட்டுகிற விரலைப் போல. எங்கிருந்து கேட்கிறார்கள் என்ற இடத்தில் வெளியூர் முகவரி எதுவும் இல்லை. பெட்டியின் சொந்த முகவரிதான் இருந்தது.

இந்த அறை.

விசிறியின் உறுமல் கனத்துப்போயிருந்தது. தண்ணீருக்குள் சுற்றுவது போல. மேசைக்கு அடியிலிருந்து வந்த காற்று அவன் பாதங்களில் ஈரமாகப் பட்டது. கடற்பாசி நாற்றம். பெட்ரோல். தரை குளிர்ந்தது. சொட்டுச் சத்தம் இன்னும் கேட்டது. சன்னலில் அல்ல. அவனுக்குப் பின்னால்.

போன் அடித்தது. மாரிச்செல்வி.

"தம்பி." அவள் குரல் ஒருநாளும் இல்லாத அளவுக்கு அமைதியாக இருந்தது. "இப்பத்தான் பக்கத்தைப் பாத்தேன். அது உன் வீட்டு மாடிதான? அந்தப் பச்சைச் சுவரு?"

அவன் திரையைப் பார்த்தான். வேப்பமரம் இல்லை. பச்சைச் சுவர். நாற்காலியில் ஒருவனின் முதுகு, காதோடு ஒட்டிய போன். அவன் போட்டிருந்த அதே பனியன். முதுகை ஒட்டி, கட்டம் போட்ட சட்டையில் தண்ணீர் வழிய ஒருவர் நின்றார். மீன் கொத்திய கை அவன் தோளுக்கு மேலாக நீண்டிருந்தது. அதில் ஒரு போன். அதன் வெளிச்சத்தில் நீலக் கடல், வெயில், சிரிக்கிற குடும்பம்.

தோளில் ஒரு சொட்டு விழுந்தது.

"நான் ஏச மாட்டேன் தம்பி. அழவும் மாட்டேன். போனைச் செத்த நேரம் அவுககிட்ட குடு. ஏன் பாக்காமப் போனீகன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."