சுடலைமணியின் தாம்பாளம்

நர்மதா அன்று காலையில் இரண்டு முறை விழப் பார்த்தாள். மூன்றாம் முறை விழுந்தே விட்டாள்.

மேல் லயத்திலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு இறங்க நாற்பத்திரண்டு கல்படிகள் உண்டு. லயம் என்றால் வேறொன்றுமில்லை, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கான வீடுகள், ரயில் பெட்டி போல ஒட்டி ஒட்டி நிற்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து மழை விட்டபாடில்லை. படிகளில் பச்சைப் பாசி மினுமினுத்தது.

பதினோராம் படியில் விழுந்தவள் எழுந்து, சேற்றைத் துடைத்து, ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. சித்திரபுரத்துப் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். இனி நடராஜா சர்வீஸ்தான்.

"இந்த மாசத்துல இது அஞ்சாவது தடவை" என்றாள் தோழி செல்வப்பிரியா, குடையை விரித்தபடி. "போன வருசம் ஒரு நாளாச்சும் பஸ்ஸ விட்டிருக்கோமா?"

விடவில்லைதான். ஏன் விடவில்லை என்று இருவரும் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. முதல் மணி அடிக்கப்போகிறதே.

அன்று மாலை வாசகசாலையில் பிள்ளைகள் கூடினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். நோட்டீஸில் 'அனுஸ்மரணம்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், லயத்துக்காரர்கள் அதைச் சொல்வது 'கொழுந்து வைக்கிற நாள்' என்றுதான்.

அந்த ஒரு வருடத்தில் லயத்தில் இறந்துபோனவர்களின் படங்களை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு தாம்பாளம் இருக்கும். ஒரு பிள்ளை எழுந்து அவரைப் பற்றி வாசிக்கும். அதன் பிறகு, அவரிடமிருந்து ஏதாவது நன்மை பெற்றவர்கள் வந்து தாம்பாளத்தில் ஒரு தேயிலைக் கொழுந்தை வைப்பார்கள். இரண்டு இலை, நடுவே ஒரு மொட்டு. பெறாதவர்கள் வைக்கக் கூடாது. பொய்க் கொழுந்து வைத்தால் போனவருக்கு அவமரியாதை என்பது லயத்தின் நம்பிக்கை.

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் மாரித்தாய் அக்கா மூன்று சீட்டுகளைக் குலுக்கிப் போட்டார். செல்வப்பிரியாவுக்குச் சாந்தம்மாள் வந்தார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு வந்து நிற்பவர். கவின்ராஜுக்கு ஈஸ்வரன் வந்தார். எந்த வீட்டில் கரண்ட் போனாலும் கூப்பிடுமுன் ஏணியோடு வருபவர். இருவரும் அங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

நர்மதா தன் சீட்டைப் பிரித்தாள். சுடலைமணி என்று இருந்தது. ஆட்டம் குளோஸ் என்று நினைத்துக்கொண்டாள்.

சுடலைமணி தாத்தா முன்பு தேயிலை பேக்டரியில் வாட்ச்மேன். லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். மனிதர் வாயைத் திறந்தால் திட்டுதான். மழையைத் திட்டுவார், மழை நின்றால் வெயிலைத் திட்டுவார். பிள்ளைகளைக் கண்டால் கேட்கவே வேண்டாம். ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறையின்போது, தூக்கத்திலேயே இறந்துபோனார்.

"அக்கா, வேற சீட்டு எடுக்கலாமா?" என்று நர்மதா மெல்லக் கேட்டாள்.

மாரித்தாய் அக்கா தலையசைத்து மறுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவரு மக முருகேஸ்வரி தென்காசியில இருந்து வருது. நேத்து போன் பண்ணுச்சு. 'எங்கப்பா தாம்பாளத்துலயும் யாராச்சும் வைப்பாங்களாக்கா'ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல புள்ள."

நர்மதா அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தாள். இரண்டு தாம்பாளங்கள் நிறைந்து வழியும். நடுவில் ஒன்று மட்டும் காலியாக இருக்கும். அதை அவருடைய மகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நர்மதா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றினாள். சுடலைமணி தாத்தா என்ன நல்லது செய்தார் என்று வீடு வீடாகக் கேட்டாள்.

செல்வப்பிரியா உதட்டைப் பிதுக்கினாள். தினமும் காலையில் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டதைத் தவிர அவர் வேறென்ன செய்தார் என்று திருப்பிக் கேட்டாள். பிள்ளைகள் படியிறங்கி வரும்போதெல்லாம் அந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறுவார்கள்.

மளிகைக் கடை ஜுனைத் அண்ணன் தராசைக் காட்டினார். "இதக் கூடத் திட்டுன மனுசன். மழைக்காலம் வந்தா வாரம் ரெண்டு கிலோ சுண்ணாம்புத்தூள் வாங்குவாரு. எடை கம்மின்னு ஒரு மணி நேரம் கத்துவாரு. அவ்வளவு சுண்ணாம்பு வாங்கியும் வீட்டுச் செவுரு கருப்பாத்தான் கெடந்துச்சு. அது என்ன கணக்கோ."

நர்மதாவின் அம்மாவுக்கும் நல்லதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பாவம், போய்ச் சேந்துட்டாரு. ஆனா ஒண்ணு, இப்பத்தான் நான் விடியுற வரைக்கும் தூங்குறேன். அஞ்சு மணி ஆனாப் போதும், கரக்கு கரக்குன்னு எதையாச்சும் சுரண்டிக்கிட்டே கெடப்பாரு."

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் நர்மதா வேறு வழியில்லாமல் ஒரு வரி எழுதினாள். 'சுடலைமணி தாத்தா எல்லோரிடமும் இனிமையாகப் பேசுவார்.'

அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கட்டன் சாயா தரையில் கொட்டியது.

"அடியே, இத வாசிச்சேன்னா போட்டோவுல இருக்க மனுசன் எந்திரிச்சு வந்து திட்டுவாரு."

நர்மதா அந்த வரியை அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் மறுபடி விழுந்தாள். அதே பதினோராம் படி. இந்த முறை எழுந்திருக்கப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். எப்படியும் பஸ் போயிருக்கும். ஆற அமர அழலாம் என்றால், மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்ததால் அழுவதும் வீணாகப் பட்டது.

போன வருடமும் இதே மழைதானே என்று யோசித்தாள். இதே படிதானே. அப்போது ஒரு நாள்கூட வழுக்கவில்லையே.

குனிந்து பார்த்தாள். படியின் இடுக்கில், பாசிக்கு அடியில், வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு.

அடுத்த படியிலும் இருந்தது. அதற்கடுத்த படியிலும் இருந்தது. கல்லில் நெருக்கமாகக் கீறல்கள் தெரிந்தன, யாரோ கத்தியால் சுரண்டிய கீறல்கள்.

கரக்கு கரக்கு.

நர்மதா படபடவென்று மேலே ஏறினாள். சுடலைமணி தாத்தாவின் வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் பின்பக்கச் சுவரில், தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்று ஆணியில் தொங்கியது. கல்லில் தேய்ந்து தேய்ந்து அது பாதியாகியிருந்தது. பக்கத்தில் அடியில் சுண்ணாம்பு ஒட்டிய டின் ஒன்று இருந்தது.

அவள் அந்தக் கத்தியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு படிகள். விடியுமுன், கொட்டும் மழையில், ஒரு வயதான மனிதர் ஒற்றை ஆளாக. இத்தனை வருடம் அந்தப் படிகளில் ஓடியிருக்கிறாள், ஒரு முறைகூட விழாமல்.

தான் கேட்ட கேள்விதான் தப்பு என்று அப்போது புரிந்தது. அவர் என்ன நல்லது செய்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு என்ன நின்றுபோனது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவள் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி, பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஏறியதும் கண்டக்டரிடம் தன் புதிய கேள்வியைக் கேட்டாள்.

கண்டக்டர் அடிமாலிக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். டிக்கெட் பையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தச் சேட்டன் மரிச்சதுக்கு அப்புறம் எங்க வண்டி இங்க காத்து நிக்கிறதுதான் நின்னுபோச்சு மோளே."

நர்மதாவுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தினமும் பஸ் வந்ததும் சுடலைமணி ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை பஸ் படிக்கட்டிலும் வைத்துக்கொள்வாராம். அடிமாலி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பாராம். பதில் சொன்னால் தப்பு என்பார். நேரப் பட்டியலைக் காட்டினால் அது போன வருடத்துப் பட்டியல் என்பார். காலை எடுக்கவே மாட்டார்.

"அப்புறம் எப்ப காலை எடுப்பாரு?"

"கடைசிக் குட்டி, கடைசிப் புள்ள வண்டியில கேறின பிறகு. உங்கள்ல சின்னது ஒண்ணு உண்டல்லோ, தினமும் லேட்டா வருமே, அது கேறியதும் சேட்டன் சட்டுன்னு இறங்கிப் போயிடுவாரு. பதினாலு வருஷமா ஒரே கேள்வி. ஒரு நாளும் அவர் அடிமாலி போனதில்ல."

அந்தச் சின்னது, இரண்டாம் வகுப்பு மோனிஷா. அவள் அன்றும் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசகசாலை நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஈரக் கொழுந்துகள். மூன்று படங்கள், மூன்று தாம்பாளங்கள். சுடலைமணி தாத்தாவின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதிலும் போட்டோ எடுத்தவரைத் திட்டப்போகிறவர் போலத்தான் இருந்தார்.

முன்வரிசையில் முருகேஸ்வரி அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. கண்கள் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சாந்தம்மாளின் தாம்பாளம் நிறைந்து தரையில் கொட்டியது. ஈஸ்வரனின் தாம்பாளமும் நிறைந்தது. பிறகு நர்மதா எழுந்தாள். கையிலிருந்த தாளைப் பிரித்தாள்.

"சுடலைமணி தாத்தா நம்மைத் திட்டினார். அது உண்மை. ஆனால் போன வருடம் வரை நம் படிகளில் யாரும் வழுக்கி விழவில்லை. அதுவும் உண்மை. விடியற்காலம் நாம் கேட்ட சத்தம், அவர் பாசியைச் சுரண்டிய சத்தம். கடையில் வாங்கிய சுண்ணாம்பை அவர் வீட்டுச் சுவருக்கு அடிக்கவில்லை, நம் படிகளில் தூவினார். பதினான்கு வருடம் தினமும் கண்டக்டரோடு சண்டை போட்டார். நாங்கள் எல்லோரும் ஏறும்வரை பஸ் கிளம்பக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் அவர் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவே இல்லை. நன்றி, தாத்தா."

படித்துவிட்டுத் தன் கொழுந்தைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

உடனே வேறு யாரும் எழுந்து வரவில்லை. தகரக் கூரையில் மழை மட்டும் பெய்தது. காலித் தட்டில் அந்த ஒற்றைக் கொழுந்து ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து மோனிஷா எழுந்து வந்தாள்.

"நான்தான் தினமும் லேட்டு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்புக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஒரு கொழுந்தை வைத்தாள்.

யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதன் பிறகு வரிசை நிற்கவில்லை. செல்வப்பிரியா வந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். ஜுனைத் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். அந்தப் படிகளில் கூடையோடு ஏறி இறங்கிய பெண்கள் வந்தார்கள். நர்மதாவின் அம்மா கொழுந்தை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்து, "தூக்கம் போனாப் போகுதுன்னு இருந்திருப்பேனே மாமா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

முருகேஸ்வரி அக்கா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார். பிறகு நர்மதாவை அருகில் இழுத்துக்கொண்டார்.

"எப்ப காலையில போன் போட்டாலும் அப்பா என்னைத் திட்டுவாரு. 'வை போனை, புள்ளைக வர்ற நேரம்'னு வச்சிடுவாரு. எந்தப் புள்ளைகன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லம்மா."

கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கத்திகளை எடுத்துக்கொண்டு படிகளுக்கு வந்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க லயத்தில் கரக்கு கரக்கு என்ற சத்தம். யாரும் காதைப் பொத்தவில்லை. இனி வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பை ஜுனைத் அண்ணன் தருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கினார்கள். யாரும் விழவில்லை. பஸ்ஸும் வந்து நின்றது. எல்லோரும் ஏறியாயிற்று, மோனிஷாவைத் தவிர. அவள் முப்பதாம் படியில் ஒரு கையில் ஷூவோடு வந்துகொண்டிருந்தாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

நர்மதா சட்டென்று கீழே இறங்கினாள். ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படிக்கட்டிலும் வைத்துக்கொண்டு, முகத்தை முடிந்தவரை கடுகடுப்பாக்கிக் கேட்டாள்.

"அண்ணே, அடிமாலி பஸ் எத்தனை மணிக்கு?"

கண்டக்டர் அவளைப் பார்த்தார். மேலே படிகளைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த நேரப் பட்டியலை வெளியே எடுத்து, நிதானமாக முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.